அடித்தல் திருத்தல் இல்லாமல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு அம்பலவாணன் மடிக்கணினியைத் திறந்தபோது, அவர் இன்னும் போடாத சர்க்கரை அளவு கட்டத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. 118. நேற்று 116 போட்டோம், இன்றைக்கு இரண்டு கூட்டிக்கொள்ளலாம் என்று பல் தேய்க்கும்போது மனதுக்குள் முடிவு செய்திருந்த அதே 118.

பெங்களூரில் இருக்கும் மகள் அனுராதா செய்த ஏற்பாடு இது. தினமும் விரலில் குத்தி, மெஷின் காட்டுவதை இணையதளத்தில் போட வேண்டும். புண் வந்த வலது காலைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். எங்கோ இருக்கிற டாக்டர் ஒருவர் பார்ப்பார், அனுவும் பார்ப்பாள். கட்டம் கட்டமான அந்தப் பக்கம் அம்பலவாணனுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் மழைப் பதிவேடு எழுதிய கை அது. முற்றத்து மழைமானி வரை நாற்பது அடி நடக்க வேண்டுமே என்று, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து மில்லிமீட்டர் எழுதிய கை. மழைமானிக்குள் ஓணான் செத்து அடைத்துக் கிடந்த மூன்று மாதமும் பதிவேட்டில் மழை ஒழுங்காகப் பெய்தது.

மெஷின் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. படத்துக்கும் வழி இருந்தது. நல்லபடியாக இருக்கும் இடது காலை எடுத்து, இடவலமாகத் திருப்பிப் போட்டால் அதுதான் வலது கால். நிஜ வலது காலின் கட்டைவிரல் கறுத்து ஒரு மாதம் ஆகிறது. வலி இல்லை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய் வருஷமாயிற்று. செருப்பு கழன்றது தெரியாமல் தெருவில் பத்தடி நடந்துவிடுவார். கூட வேலை பார்த்த நூர்முகம்மதுவுக்கு முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டியோடு. ஆஸ்பத்திரிக்குப் போகாத வரைக்கும் கால் நம்முடையது என்பது அம்பலவாணனின் முடிவு. நீலக்கரை போட்ட பழைய வேட்டியைக் கிழித்து விரலில் சுற்றி, மனைவி கோமுவிடம் நகச்சுத்து என்று சொல்லியிருந்தார்.

அனுவுக்கு போன் போட்டார்.

"ஏம்மா, இன்னைக்குள்ளத நீயா போட்ட?"

"நான் எதுக்குப்பா போடுதேன்? ஒங்க பேர்லதான் ஏறிருக்கு. பச்சை காட்டுது, இயல்புன்னு. இப்பிடியே இருங்கப்பா."

பச்சை என்றதும் அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை எண்ணோடு படமும் ஏறியிருந்தது. அவர் எடுக்காத படம். வீட்டுச் சிவப்புத் தரை, கட்டில் கால், பக்கத்தில் ஒரு பாதம். சுத்தமான, புண்ணே இல்லாத, ஒரு நாள் குழந்தையுடையது போல வெளுத்த பாதம். திருப்பிப் போட்ட இடது காலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். கணுக்காலுக்கு மேல் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பு இருந்தது. அந்தத் தழும்பு அவருடைய வலது காலில் மட்டுமே உண்டு.

"எலி எங்கனயோ செத்துக் கெடக்கு," என்று கோமு விளக்குமாற்றோடு வந்தாள். "நாத்தம் கொடலைப் பொரட்டுது. ஒங்க மூக்கை என்ன மெழுகு வச்சா அடச்சிருக்கு?"

"பீரோவுக்குப் பின்னால பாரு."

"பாத்தாச்சு. நீங்க இருக்க எடத்துலதான் கூட அடிக்கி."

"அப்போ என்னையத் தூக்கிட்டுத் தேடு."

அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோமு நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போயிற்று. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே மெதுவாகி, நின்றது. காற்று நின்றதும் அந்த வாடை தரையிலிருந்து கிளம்பி, முட்டி வரை, இடுப்பு வரை, மூக்கு வரை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஏறியது. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில். மேஜைக்குக் கீழே இருட்டு.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தார். முதல்முறையாகக் குத்தினார்.

412.

போதும், ஒரு விரல்தானே போகும், போகட்டும். 118ஐ அழித்துவிட்டு 412 என்று அடித்தார். கட்டம் ஒருமுறை மினுக்கி 118க்குத் திரும்பியது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் 118. கீழே ஒரு வரி வந்தது.

'ஏற்கெனவே பதிவாகிவிட்டது. திருத்த இயலாது.'

இதை அவர் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட இதே சொற்களில். மூன்று நாள் மழையில் வயல் மூழ்கி, முளைவிட்ட நெல்லை முந்தானையில் கட்டிக்கொண்டு நிவாரணம் கேட்டு வந்து ஆபீஸ் மேஜையில் கொட்டினாள் சுடலைவடிவு என்ற விவசாயி. "பதிவேட்டுல அன்னைக்கு மழையே இல்லியேம்மா. அடிச்சுத் திருத்த முடியாது" என்று சொல்லி, நெல்லைத் தட்டிவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

திரையில் அடுத்த கட்டம் தானாகத் திறந்தது.

வெள்ளிக்கிழமை.

நாளை.

118. இயல்பு. பச்சை.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சிவப்புத் தரை. தலைமாட்டில் குத்துவிளக்கு. பிறகு பாதங்கள். இந்த முறை இரண்டு. குதிகால் தரையில், விரல்கள் கூரையைப் பார்த்து. புண் இல்லை. தழும்பு இருந்தது. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு துணி. வெள்ளைத் துணி.

நீலக்கரை.

சனிக்கிழமைக் கட்டம் இல்லை.

போன் அதிர்ந்தது. அனு.

'அப்பா, நாளைக்கும் நார்மல்! சூப்பர்ப்பா.'

வாசலுக்குப் போய்விட வேண்டும். தெருவில் யாராவது இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

வலது காலைத் தூக்கினார்.

இடது காலும் கூடவே வந்தது.