ஓடுபாதையில் ஒரு போல்ட்

காலை 7.40. ஓப்பலின் சிறிய விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது ‘டங்’கென்று ஒரு சத்தம். நல்லவேளை, பறக்குமுன் நிறுத்திவிட்டார். முன்விசிறியில் நகமளவு பள்ளம்.

7.55. பொறியியல் மாணவி மார்லா ஓடி வந்தபோது, விமானத் திடலின் பொறுப்பாளர் வெர்ன் கையில் ஒரு போல்ட் இருந்தது.

"வாசல்ல வெச்சிருக்கிற உங்க இரும்புச் சட்டத்துலேர்ந்து கழண்டதும்மா. அங்க ஒண்ணு காணோம். ஏழு மணிக்கு அதுமேல வண்டிய ஏத்தித்தான் ஓடுபாதையப் பாக்க வந்தேன், டயர்ல மாட்டி வந்து இங்க விழுந்திருக்கு. கல்லைத் தடுக்கிறேன்னு வந்து இரும்பக் கொட்டிட்டீங்க. கழட்டி எடுத்துட்டுப் போ!"

"மாட்டேன்."

ஐந்து மாணவர்களின் இரண்டு வருட உழைப்பு அந்த இரும்புச் சட்டம். சரளைச் சாலையிலிருந்து வரும் வண்டி அதன்மேல் ஏறினால், டயரில் சிக்கிய கற்கள் உதிர்ந்து அடியிலுள்ள தட்டில் விழும். சோதனையின் கடைசி நாள் இது. இன்று தோற்றால் பழைய இரும்புக்கடைதான்.

மார்லா விறுவிறுவென்று நுழைவாயிலுக்குப் போனாள். வெர்னும் ஓப்பலும் பின்னால் வந்தார்கள். ஒரு போல்ட் இல்லைதான். குனிந்து தட்டை இழுத்தாள். இரவு பெய்த மழைத்தண்ணீர் விளிம்புவரை நின்றது. அடித்தகடு பளிச்சென்று தெரிந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மழை நின்னப்புறம்தானே வந்தீங்க சார்?"

"ஆமா. வழியெல்லாம் ஒரே சேறு."

"வேற வண்டி?"

"என்னுது மட்டும்தான்."

"சட்டத்து மேலதான் ஏறினீங்க?"

"எத்தன தடவ சொல்றது!"

"ஓப்பல் மேடம், நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தத் தட்டைக் கழுவி வெச்சேன். சேத்து வண்டி மேல போயிருந்தா தண்ணி இப்படித் தெளிவா இருக்குமா? ஒத்தக் கல்லு இல்ல! சார் புல்லு வழியா சுத்தி வந்திருக்கார். அவர் டயர்லேர்ந்து விழுந்த கல்லுதான் உங்க விசிறில அடிச்சது. பழிபோட, சத்தம் கேட்டப்புறம் இங்க வந்து போல்ட்டக் கழட்டியிருக்கார்."

வெர்னின் முகம் சிவந்தது. "அதுல ஏறினா ஆமை மாதிரி ஊரணும்! முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

"என் உயிரு போயிருக்கும் வெர்ன்," என்றார் ஓப்பல். "போல்ட்ட மாட்டிட்டு, வண்டிய வெளிய எடுத்துட்டுப் போய் இதுமேல ஏத்தி வாங்க."

வெர்ன் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். சட்டத்தின்மேல் வண்டி குலுங்கியது. பொலபொலவென்று கற்கள் தட்டில் விழுந்தன; தண்ணீர் சேறானது.

மார்லா கைகளைக் கட்டிக்கொண்டு வழிமறித்து நின்றாள்.

"இன்னும் மெதுவா, சார்."