நிலையைச் சுற்றி வந்தவள்

சமையலறைக் கதவு நிலையின் வழியாகப் பார்த்தபோது ஹாலின் தரை சிவப்பாக இருந்தது.

வேல்விழி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். தலையைச் சற்றுச் சாய்த்து நிலைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே போன வாரம் போட்டு முடித்த சந்தன நிற டைல்ஸ்தான், ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் ஈரம் போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. தலையை நேராக்கினாள். மரச்சட்டத்துக்குள் பழைய சிவப்பு சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஓடும் கறுப்புக் கரையோடு, கட்டில் கால் பெயர்த்த அந்தச் சின்னக் குழியோடு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சந்தன நிறம்.

சாரல் காலத்து வெளிச்சம் இப்படித்தான் ஏமாற்றும் என்று நினைத்துக்கொண்டாள். ஆடி பிறந்து ஒன்பது நாட்களாகக் குற்றால மலை கண்ணில் படவில்லை. மதியம் இரண்டு மணிக்கே மேலகரம் ஊரே அந்தி போலக் கிடந்தது. கொடியில் துணி காயாமல் புழுங்கி நாறியது. வேறொரு வாடையும் வீட்டில் இருந்தது, இடித்த சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாடை. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து, மேலே இரும்பு பீம் ஏற்றி, வீட்டின் முன்பாதியை ஒரே இடமாக்கியாயிற்று. கதவையும் கழற்றியாயிற்று. கதவைத் தாங்கிய தேக்கு நிலை மட்டும், இருபுறமும் சுவர் இல்லாமல், பீமுக்கும் தரைக்கும் நடுவில் தன்னந்தனியாக நின்றது.

"வீட்டுக்குள்ள எதுக்குட்டி கோல் போஸ்ட்டு?" என்று அவள் கணவன் அருண்பாண்டி முதல் நாள் சிரித்தான்.

கொத்தனார் உச்சிமாகாளி சிரிக்கவில்லை. பீம் வந்து சேரத் தாமதமாகி, ஆனி மாதக் கடைசி நாள் இருட்டுகிற நேரத்தில்தான் சுவர் விழுந்தது. மறுநாள் ஆடி.

"ஆடியில நிலையில கை வைக்க மாட்டேன், தம்பி. பூச்சு வேலை, டைல்ஸு எதுன்னாலும் செய்யுதேன். நிலையை ஆவணி ஒண்ணாந் தேதி வந்து எடுக்கேன்."

"ஒரு மாசம் இப்படியே நிக்கணுமா, அண்ணாச்சி?"

"நின்னா என்ன, சோறா கேக்கு?" என்றவர், கரண்டியைச் சாக்கில் துடைத்தபடி வேல்விழியிடம் சொன்னார். "நிலைன்னா வாசல், தாயி. சுவரு போயிட்டுன்னு அதுக்குத் தெரியாது. அது வழியா போனா அது வழியாவே திரும்பி வந்திருங்க. உள்ள போயிட்டு, பக்கத்தோட சுத்திக்கிட்டு வராதீய."

"வந்தா?"

"வராதீயன்னா வராதீய."

வேல்விழியும் அருண்பாண்டியும் நிலைப் பக்கமே போகவில்லை. போகவும் வரவும் அதன் ஓரமாகவே நடந்தார்கள். இவ்வளவு இடம் திறந்து கிடக்கும்போது யார் அந்தச் சட்டத்துக்குள் நுழையப் போகிறார்கள்?

சுவரை இடிக்கச் சொன்னவளே வேல்விழிதான். ஆறு வயது மகள் ஸ்ரீதேவிக்கு வலிப்பு உண்டு. சித்திரையில் ஒரு நாள் தேங்காய்ச் சட்னிக்காக மிக்ஸியை ஓட விட்டிருந்தாள். நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், சிவப்புத் தரையில், பிள்ளை உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். குதிகால்கள் இரண்டும் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக என்று டாக்டர் கேட்டார். மிக்ஸி இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. டாக்டரே சொன்னார்.

"கையில சாவியைத் திணிக்காதீங்க. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எத்தனை நொடின்னு எண்ணுங்க. முந்நூறைத் தாண்டினா தூக்கிட்டு ஓடி வந்திரணும்."

அன்றிலிருந்து அவள் எண்ணுகிறவளானாள். சமைக்கும்போதும் பிள்ளை கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் இத்தனை தூசியும்.

டைல்ஸின் நிறம் அவளை ஏமாற்றிய அதே நாள் சாயங்காலம், ஸ்ரீதேவி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அம்மா நிற்கும் பக்கத்திலிருந்து நிலை வழியாக ஹாலுக்குள் பாய்வது. நிலையின் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் ஓடி வருவது. மறுபடி பாய்வது. சாரலில் நாலு நாளாக வெளியே விடாத பிள்ளை. பச்சைக் கவுன் பறக்க, கால் கொலுசு சலங் சலங்கென்று, சிரிப்பு மூச்சில் இடறி, ஒவ்வொரு முறையும் அடுப்பு மேடையைத் தொட்டுவிட்டு ஓடினாள்.

"எத்தனைம்மா?"

"அஞ்சு."

"இப்பம்?"

"ஆறு. போதும்டி, மூச்சு வாங்குது."

கொத்தனார் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஏட்டி, சுத்தாத" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பிள்ளை ஏழாவது முறையாக நிலைக்குள் பாய்ந்துவிட்டாள்.

கொலுசு நின்றது.

ஒரு மூச்சு நேரம். இரண்டு. குக்கரின் ஆவி மட்டும் சீறியது. அப்புறம் நிலையின் ஓரமாக ஸ்ரீதேவி வந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். மேடையைத் தொடவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்து, பசிக்கிறது என்றாள்.

அதன் பிறகு பிள்ளைக்கு வலிப்பு வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும் வலிப்பு அது. ஐந்து நாள் ஆனது, பத்து நாள் ஆனது. ஸ்ட்ராபெரி வாசனை மருந்துக்கு வீடு முழுக்கத் துரத்த வேண்டியிருந்த பிள்ளை, இப்போது சொன்னதும் வாயைத் திறந்தாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். தட்டில் வைத்ததை மிச்சமின்றிச் சாப்பிட்டாள்.

"சுவத்தை இடிச்சதும் பிள்ளைக்கு நல்ல காத்து கெடைச்சிருக்கு பாத்தியா?" என்றான் அருண்பாண்டி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகம் தளர்ந்திருந்தது. "நீயும் கொஞ்சம் தூங்குட்டி."

வேல்விழி தூங்கவில்லை. தூக்கத்தில் அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு படுக்கிறவள் ஸ்ரீதேவி. இப்போது மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, நீட்டி நிமிர்ந்து படுத்தாள். தலையை எத்தனை முறை அலசி விட்டாலும் முடியிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. நிலையின் வழியாகப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை.

சத்தம் ஆடி பதினெட்டு அன்று தொடங்கியது. வேல்விழி சித்திரான்னங்களுக்காகத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து அடங்கிய இடைவெளியில் கேட்டது. தொப், தொப், தொப். சீராக, விடாமல். அவளுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். சிமெண்டுத் தரையில் ஒரு சின்னக் குதிகால் அடிக்கிற சத்தம். டைல்ஸில் அப்படிக் கேட்காது.

கரண்டியைப் போட்டுவிட்டு நிலையின் ஓரமாக ஹாலுக்கு ஓடினாள். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் அசையாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

திரும்பி அடுப்படிக்கு வந்தாள். மறுபடி கேட்டது. நிலைக்கு நேரே நின்றால் மட்டும் கேட்டது. ஓரடி தள்ளினால் சாரலின் இரைச்சல்.

அன்று இரவு கணவனிடம் சொன்னாள். மறுநாள் காலை அவன் அவளுக்காக அடுப்பு முன்னால் நின்று காதைத் தீட்டினான்.

"ஒண்ணும் கேக்கலையேட்டி."

"இங்கன நில்லுங்க. இன்னும் இந்தப் பக்கம்."

"தண்ணி மோட்டாரா இருக்கும்." அவள் தோளைத் தொட்டான். "பிள்ளை சொகமாகுற நேரத்துல நீ படுத்திராத."

அவள் நிலையின் குறுக்கே ஒரு பழைய போர்வையைக் கட்டினாள். அதற்குப் பின்னாலிருந்தும் கேட்டது. தினமும் கேட்டது. சில நாள் குதிகாலின் சத்தம். சில நாள் அது ஓய்ந்த பிறகு வரும் விசும்பல், எழுந்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஸ்ரீதேவி எப்போதும் விசும்புவாளே, அதே விசும்பல். ஒரு நாள், மிக மெதுவாக, "எத்தனைம்மா?"

போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அது மட்டும் காரணமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஹாலில் ஒரு பிள்ளை மருந்து குடித்து, சோறு தின்று, நோயில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். எண்ணாமல் தூங்கச் சொல்லி வீடே வேல்விழியிடம் கெஞ்சுகிறது. இந்த மாதம் முடிந்தால் நிலையும் போய்விடும். சத்தமும் போய்விடும். அந்த நினைப்பு வந்ததும் அவள் சிங்கில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

ஆவணி முதல் நாள் காலை உச்சிமாகாளி கடப்பாரையோடு வந்தார். நிலைக்கு மஞ்சள் தடவி, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்தார். போர்வையை அவிழ்த்து மடித்து மேடையில் வைத்தார். அருண்பாண்டி சரிகிற மரத்தைப் பிடிப்பதற்காகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். ஹாலில் பிள்ளை இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் வேல்விழி. "சுத்தி வந்தா என்ன ஆவும்?"

கடப்பாரையைத் தூக்கியவர் அதைக் கீழே வைத்தார். "ஏன், வந்தீயளா?"

அவள் பதில் சொல்வதற்குள் சத்தம் தொடங்கியது. தொப். தொப். தொப். இவ்வளவு வேகமாக அது கேட்டதே இல்லை.

நிலைக்குள் பார்த்தாள்.

சிவப்புத் தரை. கறுப்புக் கரை. அதன் நடுவே பச்சைக் கவுன், அன்று போட்டிருந்த அதே கவுன். ஒரு கை அவளை நோக்கி விறைத்து நீண்டிருந்தது. கொலுசு அணிந்த கால் தரையை அடித்தது. உதடு நீலம்.

"அம்மா."

இந்தக் குரல் ஓரத்திலிருந்து வந்தது. ஜன்னலோரம் இருந்தவள் இட்லியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக நிலையைப் பார்த்தாள்.

"போவாதம்மா. அது சீக்குப் பிள்ளை. நான் நல்லாத்தான இருக்கேன்?"

வேல்விழி நிலைக்குள் ஓடினாள்.

சாரலின் ஓசை அறுந்தது. காது அடைத்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கையும் தொண்டையையும் நிறைத்தது. தரை குளிர்ந்தது, பனிபோல. முழங்காலிட்டுப் பிள்ளையை வாரினாள். இடப்பக்கம் ஒருக்களித்தாள். கன்னத்தில் அந்தப் பழைய பால் வாடை. இவள்தான். இவளேதான். இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டு நாள் இங்கே.

ஒன்று. இரண்டு. மூன்று.

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று எழுந்தாள். பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்து கையிலிருந்து திமிறியது. தலை தரையில் மோதப் பார்த்தது. மறுபடி முழங்காலிட்டாள். நாற்பது. நாற்பத்தொன்று. விடட்டும். விட்டதும் போய்விடலாம். அதே வழியாகத்தானே. திரும்பிப் பார்த்தாள்.

நிலைக்கு இரண்டு பக்கமும் சுவர் இருந்தது.

பழைய சுவர். காரை உதிர்ந்து, காலண்டர் ஆணியோடு, உத்தரம் வரைக்கும். அதன் நடுவே நிலை மட்டும் ஒளியாகத் திறந்திருந்தது. அந்த ஒளிக்குள் அவளுடைய சமையலறை. புதுக் கிரானைட் மேடை. சிம்னி. கடப்பாரையோடு உச்சிமாகாளி. அருண்பாண்டி.

"ஏங்க!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை.

நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.

நிலையின் ஓரத்திலிருந்து, ஹாலைச் சுற்றிக்கொண்டு, ஒருத்தி அவர்கள் பக்கம் நடந்து வந்தாள். கடுகு நிறச் சேலை. காலையில் வேல்விழி கட்டிய சேலை. ஈரத் தலையில் அதே துண்டு. இட்லி தின்ற அந்தப் பிள்ளையும் பின்னாலேயே வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அருண்பாண்டி எதையோ கேட்டான். அவள் சிரித்தாள். உதடுகள் அசைந்ததிலிருந்து வேல்விழிக்கு வார்த்தை புரிந்தது.

"எடுங்க, அண்ணாச்சி."

கொத்தனார் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கடப்பாரையை நிலையின் அடியில் கொடுத்தார்.

இருநூற்று ஆறு. இருநூற்று ஏழு. "கண்ணு. தேவி. போதும்டி. வா."

மரம் முனகியது. வலப்பக்கச் சட்டம் உள்ளே சரிந்தது. ஒளி ஒரு சாண் குறைந்தது. எழுந்து போனால் எட்டே அடிதான். தனியாக ஓடினால் போய்விடலாம்.

அவள் பிள்ளையின் தலைக்கடியில் கையைக் கொடுத்தாள்.

இருநூற்று அறுபது.

ஒளி கை அகலமானது. அதில் பாதி முகம் குனிந்து உள்ளே பார்த்தது. அவளுடைய முகம். பார்த்துவிட்டு விலகியது.

இருநூற்றுத் தொண்ணூறு. ஒளி விரல் அகலம். நூல்.

இல்லை.

இருட்டில் சின்னக் குதிகால் சிமெண்டுத் தரையை அடித்துக்கொண்டே இருந்தது. முந்நூறு. முந்நூற்று ஒன்று. முந்நூற்று இரண்டு.