ஒரு படி இறங்கிய கிடார்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டுக்கு விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். சண்முகசுந்தரி வீட்டுக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லாரையும் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் சுந்தரிதான். போனவள் சும்மா இருந்தாளா? உதடு நீலமாகும்வரை அருவிக்கு அடியிலேயே நின்றாள். ஈரத் தலையோடு ஐஸ்கிரீமும் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் யாரோ "ஷாரோன்" என்று கூப்பிட்டார்கள். பெரிய வகுப்பு அண்ணன் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்து ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அவள் வகுப்புத் தோழி சுந்தரி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தாம்ட்டி," என்றாள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது குரல்.

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் அடுத்த நாள் ஆயாம்மாவுக்குப் பிரிவுபசார விழா.

ஆயாம்மாவின் பெயர் முப்பிடாதி. பள்ளியில் சத்துணவு சமைப்பவர். தினமும் ஆய்க்குடியிலிருந்து பஸ் ஏறி வருவார். யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் மஞ்சள் கருவை மட்டும் தின்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன வருஷம் அவர்கள் வகுப்புத் தளவாயின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவன் காலையில் வெறும் வயிற்றோடு வந்ததை ஆயாம்மாதான் கண்டுபிடித்தார். "இங்கன வால" என்று சமையலறைக்குக் கூப்பிட்டு, எதுவும் கேட்காமல் சாப்பிட வைத்தார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. இப்போது அவர் ஓய்வு பெறுகிறார்.

அவருக்கு நன்றி சொல்ல ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாட்டுத் தயார் செய்திருந்தார்கள். வரிகள் சுந்தரியுடையவை. கிடார் ஷாரோனுடையது. தூத்துக்குடி மாமா கொடுத்த பழைய கிடார் அது. ஷாரோனுக்கு நாலே நாலு கார்டுதான் தெரியும். விரல்களை எந்த இடத்தில் வைத்து அழுத்த வேண்டும் என்று அவள் மனப்பாடமாகக் கற்றிருந்த நாலு பிடிகள். அந்த நாலுக்குள்ளேயே பாட்டை அடக்கியிருந்தாள்.

மதியம் வேப்ப மரத்தடியில் பாடிப் பார்த்தார்கள். தாழ்வான இடங்களைச் சுந்தரி எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். குரல் மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் காற்றுதான் வந்தது. திரும்பத் திரும்பப் பாடினாள். திரும்பத் திரும்பக் காற்றுதான்.

ஜெயபிரியா டீச்சர் வந்து கேட்டார். சுந்தரியைக் கடிந்துகொள்ளவில்லை. வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டு, சங்கரேஸ்வரி பாடட்டும் என்றார். அதே வகுப்பில் படிக்கும் அவள் குரலும் நல்ல குரல்தான்.

சுந்தரி தலையாட்டினாள். சங்கரேஸ்வரியை உட்கார வைத்து, எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அவளே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லி முடித்ததும் முகம் கழுவிவிட்டு வருவதாக எழுந்து போனாள். அவள் முகத்தில் அழுக்கு எதுவும் இல்லை என்பதை ஷாரோன் கவனித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷாரோன் கிடாரை எடுத்தாள். பாட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வாசித்தால் சுந்தரியால் பாட முடியும். ஆனால் தாழ்த்த வேண்டுமென்றால் வேறு கார்டுகள் வேண்டும். மாமா ஒருமுறை காட்டிய எஃப் கார்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் ஒன்றே எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். விரல் மாட்டேன் என்றது.

சரி, முதலில் சுருதியையாவது சரி பார்ப்போம் என்று தடித்த கம்பியை முறுக்கும் சாவியைத் திருகினாள். யோசனையில் கை தவறான பக்கம் திருகிவிட்டது. "கொய்ங்..." என்று கம்பி இறங்கியது.

மாடு எதுவும் உள்ளே வந்துவிட்டதா என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

ஷாரோன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பி இறங்கும் என்றால் ஆறு கம்பியும் இறங்கும்தானே? ஆறும் ஒரே அளவு இறங்கினால் விரலுக்குப் புதிதாக எதுவும் தெரிய வேண்டாம். அதே நாலு கார்டு, அதே இடங்கள். பாட்டு மட்டும் கீழே வந்துவிடும்.

கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த சுந்தரி வீட்டுக்கு ஓடினாள்.

முதலில் எல்லாக் கம்பிகளையும் சுருதியில் அரைப் படி இறக்கினாள். சுந்தரி பாடினாள். மேல் இடத்தில் குரல் மறுபடியும் உடைந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கியபோது ஒரு கம்பி அளவுக்கு மீறித் தளர்ந்து, துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடியது. இருவரும் அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்கள். பிறகு ஷாரோன் நிதானமாக ஒவ்வொரு கம்பியையும் பக்கத்துக் கம்பியோடு ஒத்துப் பார்த்து, மொத்தமாக ஒரு முழுப் படி இறக்கினாள்.

சுந்தரி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மேல் இடம் வந்தது. குரல் உடையாமல் அதைத் தாண்டிப் போனது. கரகரப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதுவும் கேட்க நன்றாகவே இருந்தது.

ஷாரோனுக்கு ஆசை கூடியது. தடித்த கம்பியை மட்டும் மேலும் ஒரு படி இறக்கினாள். இப்போது முதல் கார்டைத் தட்டினால் கிடாரின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முழக்கம் எழுந்தது.

"என் தொண்டைக்குன்னே செஞ்ச கிடார் மாதிரில்லா இருக்கு," என்றாள் சுந்தரி. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லட்டி."

காலையில் சங்கரேஸ்வரியிடம் எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தயக்கமாக இருந்தது. அவளோ விஷயத்தைக் கேட்டதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். வரி மறந்துவிடுமோ என்ற பயத்தில் அவளுக்கு இட்லியே இறங்கவில்லையாம். எல்லாரும் சேர்ந்து பாடும் இடத்தில் தானும் பாடுவதாகச் சொன்னாள்.

வெளியே சாரல் அடித்ததால் விழாவைப் பெரிய வகுப்பறையில் வைத்தார்கள். ஆயாம்மா தலைமை ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்து போகலாம் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். சுந்தரி வாயைத் திறந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வரியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பசிக்குதுன்னு சொல்லும் முன்னே
பாத்துப் போட்ட ஆயாம்மா
நீங்க போகும் இடமெல்லாம்
நல்லா இருக்கணும் ஆயாம்மா."

எல்லாரும் சேர்ந்து பாடும் இடம் வந்தது. ஷாரோனுக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல் கேட்டது. தளவாய். குரல் உடையத் தொடங்கியதிலிருந்து அவன் பிரேயரில்கூட வாயை மட்டும்தான் அசைப்பான். இன்றைக்கு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. ஆயாம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து ஷாரோனுக்கும் சுந்தரிக்கும் அருகில் வந்தார்.

"நீங்க பாடுத பாட்டெல்லாம் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்," என்றார். "கூடப் பாடணும்னு ஆசையா இருக்கும். ஒரேயடியா உச்சத்துல போயிரும், எனக்கு எட்டாது. இன்னைக்குத்தான் எட்டுது. இன்னொரு தடவை பாடுவமா?"

ஷாரோன் மறுபடியும் கம்பிகளைத் தட்டினாள். ஆயாம்மாவுக்கு நல்ல கனமான குரல். கிடாரின் முழக்கத்தோடு அது அப்படியே சேர்ந்துகொண்டது. பிள்ளைகளோடு பிள்ளையாக ஒவ்வொரு வரியையும் பாடிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் மட்டும் ஒரு சொல்லை மாற்றிப் பாடினார்:

"நீங்க போகும் இடமெல்லாம்
நல்லா இருக்கணும் பிள்ளைகளா."