இருபத்தேழாம் எண் காரின் எலும்புக்கூடு

“அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது என் அப்பாவின் கார் இல்லை என்றுதான் சொல்கிறேன்!”

கைப்பேசித் திரையில் ரூத் ஹாலன்பெக் மேசையை ஓங்கித் தட்டினார். வயது எண்பதை நெருங்கிவிட்டது. ஆனால் அந்தச் சத்தத்தில் கோயம்புத்தூர் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

பட்டறையின் சொந்தக்காரி மீனலோசனி. பழைய கார்களைச் சரிசெய்வது அவள் தொழில். ஆனால் அவளுக்கு உயிர் வேறொன்றில் இருந்தது. ஒரு கார் எங்கே பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று துருவித் துருவிக் கண்டுபிடிப்பதில்! அதில் அவள் எடுத்த பெயர் அமெரிக்கா வரை போயிருந்ததால்தான் ரூத் அவளைத் தேடிப் பிடித்தார்.

ரூத்தின் அப்பா வால்ட், இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயி. தன் வைக்கோல் கொட்டகையிலேயே ஒரு பந்தயக் காரைக் கட்டினார். ஓட்டுநருக்கு ஒன்று, கூடவே போகும் மெக்கானிக்குக்கு ஒன்று என இரண்டே இருக்கை. எண் இருபத்தேழு. பெரிய கம்பெனிக் கார்களையெல்லாம் பின்னால் தள்ளி மண் தடத்தில் ஜெயித்த கார் அது. பிறகு பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் வாரிசு ஒருவர் அதை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அதோடு கார் மறைந்துபோனது.

இப்போது கிரீன் என்ற அமெரிக்கர், இருபத்தேழாம் எண் கார் தன்னிடம்தான் இருக்கிறது என்கிறார். காரின் அசல் என்ஜின் எப்படியோ அவருக்குக் கிடைத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு புது உடம்பைக் கட்டியிருந்தார். அடுத்த மாதம் ஒரு பழைய கார் சங்கத்தார் அதற்கு அசல் என்று சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள்.

“சான்றிதழ் கொடுத்துவிட்டால் முடிந்தது. அப்பா தன் கையால் வளைத்த இரும்பை அப்புறம் யாருமே தேடமாட்டார்கள்” என்றார் ரூத். “சேஸிஸ்தானே ஒரு காரின் முதுகெலும்பு? அதைக் கண்டுபிடி. ஒரு பந்தயத்தில் சுவரில் மோதி இடது பக்கச் சட்டம் விரிசல் விட்டது. அப்பா ஏர்க்கொழுவை வெட்டி, பிறை வடிவத்தில் ஒரு ஒட்டுப் போட்டார். அந்த ஒட்டு தெரிகிற புகைப்படம் என்னிடம் இருக்கிறது.”

“இரும்பு இருந்தா எடுத்துத் தர்றது என் பொறுப்பு!” என்றாள் லோசனி.

பக்கத்தில் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றான் திருமூர்த்தி. அவளுடைய சின்னம்மா மகன். “ஏக்கா, எம்பது தொண்ணூறு வருசத்துக் கதைய ஒரு மாசத்துல தேடுறதா? விளையாடுறியா?”

“வண்டிய எடுடா. பொள்ளாச்சிக்குப் போறோம்!”

ஜமீன் வீட்டில் இப்போதிருந்த பேரனுக்குக் காரைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தது. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. ஓட்ட வழியில்லாத காரைப் பிரித்துவிட்டார்கள். என்ஜின் ஒரு டாக்கீஸில் கரண்ட் எடுக்கப் போனது. பிற்பாடு யாரோ வெளிநாட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு போனாராம். கிரீனின் கதை சரியாகப் பொருந்தியது!

“சேஸிஸ் என்னங்க ஆச்சு?”

“அதையும் நாலு சக்கரத்தையும் உடுமலை கான்ட்ராக்டர் ஒருத்தர் கேட்டு வாங்கிட்டாருங்க. பேரு காதர் மொய்தீன் ராவுத்தர். காட்டுல மரம் இழுக்கறதுக்கு.”

அன்றைக்கே உடுமலைக்கு வண்டியை விட்டார்கள். ராவுத்தர் காலமாகிவிட்டிருந்தார். அவருடைய மகள் ஜுலைகா பீவி, வந்தவர்களுக்குச் சர்பத் கொடுத்து உட்காரவைத்தார். கார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“அந்த வண்டியா! அத்தா அதுமேல தேக்கு மரத்த ஏத்தி, முன்னால யானையக் கட்டி இழுக்க விடுவாங்க. நானும் மரத்துமேல உக்காந்து வருவேன். யானை நின்னாலும் வண்டி நிக்காது, அப்படி உருளும்! அம்மாவுக்குத்தான் பயம்.”

“இப்ப அது எங்கம்மா இருக்கு?”

“மரம் வெட்டுற எடம் இருந்துச்சே, ஈத்தக்குழி கூப்பு, அங்கதான் கடைசியா நின்னுச்சு. மரம் வெட்டுறத நிறுத்தினப்போ ஷெட்டோட விட்டுட்டு வந்துட்டாங்க. ஆனைமலைக்குள்ள, ரொம்ப மேல. நீங்க போயிருவீங்களா?”

லோசனியும் திருவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போகாமல்?

வனத்துறை அனுமதி கிடைப்பதற்குள் பாதி மாதம் ஓடிவிட்டது. அவர்களோடு அனுப்பப்பட்டவர் தேவகி. வேட்டைத் தடுப்புக் காவலர். ஈத்தக்குழியில் காடர் பழங்குடியினர் வாழும் குடியிலேயே பிறந்து வளர்ந்தவர். காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து நின்று இருவரின் காலணிகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்மிணி, அட்டை ஏறும். புகையிலைத் தண்ணி தடவிக்கோங்க. நான் நின்னா நிக்கணும், ஓடுன்னா ஓடணும். பேச்சுக் கூடாது.”

“சரிங்கக்கா!”

காலை வெயிலில் ஏறத் தொடங்கினார்கள். மூங்கில் தாண்டி, ஈட்டி மரங்கள் தாண்டி, சூரியனே தெரியாத சோலைக்குள் நுழைந்தார்கள். தலைக்கு மேலே இருவாச்சிப் பறவை சிறகடித்துப் போன சத்தம் நீராவி ரயில் போலக் கேட்டது. திடீரென்று தேவகி கையை உயர்த்தினார். மூவரும் சிலையானார்கள். பாதையின் வளைவில் ஈரம் காயாத யானைச் சாணம்! புதருக்குள் கிளை முறியும் ஓசை. தேவகி மூக்கைச் சுருக்கிக் காற்றை முகர்ந்தார். பிறகு மெல்லச் சுற்றுவழியில் அவர்களை நடத்திப் போனார். புதரைத் தாண்டிய பிறகுதான் திரு மூச்சுவிட்டான்.

மதியத்துக்கு மேல் பழைய கூப்பு வந்தது.

ஷெட் இல்லை! கல் அடித்தளம் மட்டும் செடிகொடிக்குள் கிடந்தது. லோசனி கத்தியால் கொடிகளை வெட்டிக்கொண்டே போனாள். திரு மண்ணைக் கிளறினான். கிடைத்தது கம்பிகள் நெளிந்துபோன ஒரே ஒரு சக்கரம். ஆரக்கம்பி போட்ட பந்தயச் சக்கரம். கார் இங்கே இருந்திருக்கிறது. ஆனால் சேஸிஸ் எங்கே?

“காட்டாத்துல அடிச்சுட்டுப் போயிருக்குமோ?” என்றான் திரு.

லோசனி சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ரூத்துக்கு என்ன சொல்வது? ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு யாரை நம்பவைப்பது?

“மழை வருது. எந்திரிங்க!” தேவகி அவசரப்படுத்தினார். “வந்த வழியில யானை நிக்குது. எங்க குடி வழியாப் போயிரலாம். ஓடை தாண்டினா வீடு.”

சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினார்கள். கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓடை நுரைத்து ஓடியது. அதன் குறுக்கே ஒரு சின்னப் பாலம். இரண்டு கறுப்பு இரும்புச் சட்டங்கள், மேலே மரப்பலகைகள். தேவகி கடந்துபோனார். திருவும் போனான். லோசனி முதல் பலகையில் கால் வைத்தவள், அப்படியே நின்றாள்.

பாலத்துக்கு இரும்பு போடுகிறவர்கள் நேராகத்தானே போடுவார்கள்? இந்தச் சட்டங்களின் ஒரு முனை வில்போல வளைந்து பாறைக்குள் போயிருந்தது. பின் அச்சு மேலும் கீழும் ஆட இடம்விட்டு வளைக்கும் வளைவு! பக்கவாட்டில் எடையைக் குறைப்பதற்காகப் போட்ட வட்டத் துளைகள்!

“திரு! டேய் திரு! நாம சேஸிஸ் மேலதான்டா நிக்கிறோம்!”

அவன் திரும்பி ஓடிவந்தான். “என்னக்கா சொல்ற?”

“கயிறை எடு! கீழ இறங்கிப் பாக்கணும்.”

“வேண்டாங்க அம்மிணி!” என்று தேவகி கத்தினார். “தண்ணி ஏறுது!”

“ஒரே நிமிசங்கக்கா!”

இடுப்பில் கட்டிய கயிற்றைத் திருவும் தேவகியும் பிடித்துக்கொள்ள, லோசனி பாலத்துக்கு அடியில் இறங்கினாள். சட்டம் முழுக்கக் கெட்டித் தார். கம்பி பிரஷ்ஷால் சுரண்டினாள். தாருக்கு அடியில் இரும்பு பளிச்சென்றிருந்தது! முழங்காலைத் தண்ணீர் தொட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். விரலில் ஒரு மேடு தட்டியது. சுரண்டினாள். ஆணிகள் அடித்த ஒரு தகடு. ஒரு ஓரம் வளைந்து, மறு ஓரமும் வளைந்து… பிறை!

“இருக்குடா! ஒட்டு இருக்கு!”

உறைக்குள் இருந்த கைப்பேசியை எடுத்துப் படம் மேல் படமாக எடுத்தாள். மேலே தேவகியின் குரல் மாறியது.

“தண்ணி செவந்து வருது! ஏறு! ஏறு அம்மிணி!”

லோசனி திரும்பிப் பார்த்தாள். செம்மண் வெள்ளம், அதன்மேல் வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று. நேராகப் பாலத்தை நோக்கி! கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சட்டத்தின் துளையில் கைவிட்டுத் தொங்கினாள். கால் நழுவியது. வெள்ளம் அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. கயிறு இடுப்பை இறுக்கியது.

“இழுங்கக்கா!” என்று திரு கத்தினான். கயிறு உரசி அவன் உள்ளங்கை கிழிந்தது. அவன் விடவில்லை. தேவகி மரவேரில் காலை ஊன்றிக்கொண்டு மொத்தப் பலத்தோடு பின்னால் சாய்ந்தார். லோசனி பாறை விளிம்பில் வந்து விழுந்தாள். அதே கணம் மரம் பாலத்தில் மோதியது. மலையே அதிர்ந்தது போலிருந்தது! பலகைகள் இரண்டு பறந்தன. சட்டங்கள் மட்டும் அசையவில்லை. மரம் மெல்லப் புரண்டு, அடியில் நுழைந்து போய்விட்டது.

மூவரும் மழையில் நனைந்தபடி சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

குடியில் அடுப்படிக்குப் பக்கத்தில் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். திருவின் கையில் ஏதோ பச்சிலையை வைத்துக் கட்டினார்கள். லோசனி படங்களைக் காட்டினாள். எல்லோரும் கூடி எட்டிப் பார்த்தார்கள். ஷெட் சரிந்த பிறகு இரும்பைத் தூக்கிவந்து பாலம் போட்டது தன் அப்பாவும் சித்தப்பாமாரும்தான் என்றார் தேவகி. ஏதோ கூப்பு இரும்பு என்றுதான் நினைத்திருந்தாராம், கார் என்று தெரியாதாம். கோடை தவறாமல் தார் பூசுவார்களாம். பூசாமல் விட்டிருந்தால் என்றைக்கோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும்.

பிறகு தேவகி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா? இத நீங்க எடுத்துட்டுப் போனா, எங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் போறது எப்படி? பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போறது எப்படி?”

லோசனிக்குச் சுரீரென்றது. அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை! “கேக்காம ஒரு ஆணியக்கூட கழட்டமாட்டேங்கக்கா” என்றாள்.

மறுநாள் சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரூத் பிறை ஒட்டின் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அப்பாவின் ஆணி வரிசை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும்” என்று சிரித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “அது அவர்களுடைய இரும்பு, லோசனி. அவர்கள்தானே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்? கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். வேண்டாம் என்றால், நான் வந்து அந்தப் பாலத்தில் ஒருமுறை நடந்துவிட்டுப் போகிறேன்.”

குடி கூடிப் பேசியது. தேவகி வந்து முடிவைச் சொன்னார். முதலில் புதுப் பாலம் வரவேண்டும், கைப்பிடி வேண்டும், நாலு பேர் கட்டில் தூக்கிக்கொண்டு நடக்கிற அகலம் வேண்டும். அதற்குப் பிறகு இரும்பு போகலாம். ஆனால் காரில் ஈத்தக்குழி என்ற பெயர் இருக்கவேண்டும்!

படங்களைப் பார்த்ததும் கிரீன் தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. என்ஜினைக் கண்ட ஆசையில் அவசரப்பட்டுவிட்டார். “முதுகெலும்பு கிடைத்த பிறகு இதயத்தை நான் ஏன் தனியாக வைத்திருக்க வேண்டும்?” என்று என்ஜினைக் கப்பலில் அனுப்பிவைத்தார்.

மழைக்காலம் முடிந்ததும், வனத்துறை ஒப்புதலோடு திருவே முன்னின்று புதுப் பாலத்தை அமைத்தான். பிள்ளைகள் அதில் குதித்துக் குதித்து ஓடினார்கள். அதற்குப் பிறகே பழைய சட்டங்கள் பாறையிலிருந்து விடுபட்டன. குடியே தோள்கொடுத்து அவற்றை மலையிறக்கியது.

அடுத்த கோடையில், கோவைக்கு வெளியே இருந்த பந்தயத் தடத்தில், லோசனியின் பட்டறையில் மறுபடி கட்டி முடித்த இருபத்தேழாம் எண் கார் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது. ரூத் இந்தியானாவிலிருந்து வந்திருந்தார். ஈத்தக்குழிக்காரர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஜுலைகா பீவியும் வந்து, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “யானை இல்லாம எப்படி ஓடும்?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். வண்டியின் வரலாற்றுப் பலகையில் உரிமையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வால்ட், ஜமீன், ராவுத்தர், கடைசியில் ‘ஈத்தக்குழி மக்கள்’. பந்தயத்தில் ஜெயித்தவரின் பெயரும், அந்த இரும்பின்மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவர்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும் என்று ரூத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் இருக்கையில் லோசனி. பக்கத்து மெக்கானிக் இருக்கையில் ரூத் உட்காருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ தேவகியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

என்ஜின் உறுமியது! புகை கக்கியது! புறப்பட்ட வேகத்தில் தேவகி “அம்மிணீ!” என்று அலறியது தடம் முழுக்கக் கேட்டது. இரண்டாவது வளைவில் அலறல் நின்றது. மூன்றாவது வளைவில் அவர் கையை உயர்த்தி ஆட்டுவது தெரிந்தது. திரு தொண்டை வறளக் கத்தினான்.

வண்டி வந்து நின்றது. தேவகி கலைந்த தலையோடு இறங்கி, சூடேறிய இரும்பை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இத்தன வேகமா ஓடுற சாமானையா நாங்க இத்தன வருசம் அசையாமப் பிடிச்சு வெச்சிருந்தோம்!”