சிரட்டைக் கண்ணில் ஒரு வேர்

கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏறி மிதிக்கும் துலாவிலிருந்து விழுந்து ஏரம்புவின் இடுப்பு முறிந்தது. அவர் பாயோடு கிடந்தார். தோட்டம் மனைவி பத்மாவதியின் தலையில் விழுந்தது. அது சண்டைக் காலம். சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைக்கும் அரிசி கஞ்சிக்கே காணாது. தேங்காய்ச் சிரட்டைகளில் நின்ற தக்காளிக் கன்றுகள் காய்த்தால்தான் சாப்பாடு. வேறு விதையும் இல்லை.

கிணறு அயலவர்களுக்கும் பொது. முறை வைத்துத்தான் இறைப்பார்கள். அன்று ஏரம்பு வீட்டின் முறை. பத்மாவதி விடிந்ததுமே சிரட்டைகளை உடைத்து நடத் தொடங்கினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வேர்கள் நூல்போலத் தொங்கின.

“வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கேல்லை, அம்மா,” என்றாள் மகள் பாலேஸ்வரி. அவளுக்குப் பத்து வயது.

“முறை போனால் தண்ணிக்கு எங்கை போறது? வாயை மூடிக்கொண்டு கன்றைப் பிடி.”

மத்தியானத்துக்குள், நட்ட வரிசை முழுவதும் வாடித் தரையில் படுத்துக் கிடந்தது. தாய் அழவில்லை. மிச்சச் சிரட்டைகளை எடுக்கக் கையை நீட்டினாள்.

பாலேஸ்வரி பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினாள். அங்கே தம்பிராசாவின் கத்தரி வாடிக்கொண்டிருந்தது. அவருடைய முறை வர இன்னும் நாள் இருந்தது. எங்கள் முறையில் மிச்சத்தை நீங்கள் இறையுங்கள், உங்கள் முறையில் எங்களுக்குப் பின்னேரத்தைத் தாருங்கள் என்று கேட்டாள்.

“பிறகு வந்து அழக்கூடாது, கண்டியோ?”

“அழமாட்டன், மாமா. நீங்களும் மறக்கக்கூடாது.”

தம்பிராசா சிரித்துக்கொண்டே தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையை எடுத்தார். பத்மாவதி மகளை முறைத்தாள். ஆனால் சிரட்டைகளைத் தொடவில்லை.

முகம் கழுவிய தண்ணீரைச் சேர்த்துக் கன்றுகளுக்கு ஊற்றினாள் பாலேஸ்வரி. சில மஞ்சளித்துச் செத்தன. காலையில் எழுந்தால் முதல் வேலை, சிரட்டைகளைத் தூக்கி அடியைப் பார்ப்பது. தண்ணீர் வடிவதற்காகத் திறந்துவிட்ட கண்ணில் ஒருநாள் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றச் சிரட்டைகளிலும்.

தம்பிராசாவின் முறை வந்தது. வெயில் தாழ்ந்ததும் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டையையும் அவரே பிடித்தார். கணவன் விழுந்த அதே துலாவில் பத்மாவதி ஏறி மிதித்தாள். பாலேஸ்வரி சிரட்டைகளை உடைத்தாள். மண் உதிரவில்லை, உருண்டையாக அப்படியே கைக்கு வந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நிக்குதே, பிள்ளை?” என்று பாயிலிருந்தே கேட்டார் ஏரம்பு.

“ரெண்டு மூண்டு படுத்திட்டுது, ஐயா. மற்றதெல்லாம் நிக்குது.”

உடைந்த சிரட்டைகளை அடுப்புக்குள் தள்ளினாள் பாலேஸ்வரி. அன்றைய கஞ்சி சீக்கிரமாகக் கொதித்தது.