தண்ணீர் கேட்ட ரேடியோ

டம்ளர் மறுபடியும் காலியாகியிருந்தது. ஆனால் சித்தையனின் உதடுகள் வெடித்து, வெள்ளை பூத்துக் கிடந்தன.

பஞ்சவர்ணம் டம்ளரைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். இப்போதுதானே வைத்தோம்? ஸ்ட்ரா வைத்தபடியே இருந்தது. தலையணை நனையவில்லை, தரையிலும் ஒரு சொட்டு இல்லை. குடித்திருப்பார், வேறென்ன. அதற்கு மேல் யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. கணவர் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவள் முழுசாக ஒரு தூக்கம் தூங்கியதில்லை. மீண்டும் நிரப்பி, ஸ்ட்ரா அவர் வாய்க்கு எட்டும்படி முக்காலியில் வைத்துவிட்டு, பொங்குகிற உலையைப் பார்க்க அடுப்படிக்கு நடந்தாள். கட்டிலடியிலிருந்து தூர்ந்த கிணற்றின் வாடை வந்தது. மழைக்காலம், சுவரெல்லாம் ஓதம்.

சித்தையனுக்குப் பேச்சு போயிற்று, கால்கள் போயின. மிஞ்சியது இடது கையில் ஒரு விரல். ஆறுதலுக்கு இருந்தது பழைய மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்றுதான். அதிலும் இப்போதெல்லாம் இரைச்சலைத் தவிர ஒன்றும் வருவதில்லை. மாடியில் குடியிருக்கும் உதயகுமார், ஹெப்பாளில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிப் பார்த்தான். அந்தக் காலத்தில் கிராமஃபோன் மாட்டுவதற்கென்று பின்பக்கம் இரண்டு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். அதில் ஓர் ஒயரைச் செருகி, மறுமுனையைத் தன் செல்போனில் மாட்டினான். வால்வு சூடேறியதும் மாதேசுவரன் சாமி பாட்டு கணீரென்று எழுந்தது.

"இந்த ஓட்டைக்கு யாரு என்னன்னெல்லாம் தெரியாது ஆன்ட்டி. எதைக் கொண்டாந்து மாட்டினாலும் பேச வெச்சிடும்" என்று சிரித்தான்.

போனைக் கழற்றியபோது ஒயரின் முனை சித்தையனின் விரலில் பட்டது. ரேடியோ 'ம்ம்ம்' என்றது. விரலை எடுத்ததும் நின்றது. உதயகுமார் டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஷாக் அடிக்காது என்று தெரிந்த பிறகு, அந்த முனையைக் கட்டில் சட்டத்தில் விரல் எட்டுகிற இடத்தில் நூலால் கட்டிவிட்டான். ஒரு 'ம்ம்ம்' என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. அன்று பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இப்படிச் சின்னச் சின்ன உதவிகளாகத்தான் சாமி வீட்டுக்குள் வரும் என்று அவளுக்கு நம்பிக்கை.

இன்று மத்தியானம் நர்ஸ் மாதேவி வந்து மூத்திரப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கொஞ்சமாக, கடுங்காப்பி நிறத்தில்.

"என்னக்கா இது? இவருக்குத் தண்ணியையே காட்டறதில்லையா?"

"கேக்கறப்பெல்லாம் குடுக்கறனுங். நாள் பூரா கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. குடங்குடமா குடிக்கறாரு."

"அத்தனையும் எங்க போச்சு, ஆவியாவா? தூக்கக் கலக்கத்துல குடுத்த மாதிரி நெனச்சுக்கறீங்க, அஷ்டே, அவ்ளோதான். நாளைக்கும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரிதான் அக்கா. கிட்னி தாங்காது. அப்புறம் இவர் வீடு திரும்பறது சாமி கையில."

மாதேவி கரண்டியால் நீர் புகட்டினாள். பல நாள் தண்ணீர் காணாதவர்போல அவர் விழுங்கினார். ஆனால் கண்கள் கரண்டியில் இல்லை. கட்டில் விளிம்புக்கு ஓடின. அங்கிருந்து கீழே. மறுபடியும் விளிம்பு. மறுபடியும் கீழே.

அவள் போனபின் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் வண்டிச் சத்தம் ஓய்ந்து, ஓட்டில் விழுகிற நீரும், ரேடியோவின் சூடேறிய தூசி வாடையும், அதன் மஞ்சள் வெளிச்சமும் மட்டும் அறையில் மிஞ்சின. பஞ்சவர்ணம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். இனி அவர் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டாள். அவருடைய கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். குளிர்ந்திருந்தது.

"ஏனுங்க, தாகமா இருக்குதுங்களா?"

ம்ம்ம்.

டம்ளரை எடுக்கக் கை நீட்டியவள் நின்றாள்.

விரல் அவள் கைக்குள் இருந்தது.

ம்ம்ம்.

பார்த்தாள். சட்டத்தில் நூல் அறுந்து தொங்கியது. எப்போது அறுந்தது? ரேடியோவின் பின்பக்கத்திலிருந்து ஒயரைக் கண்ணால் தொடர்ந்தாள். சுவரோரம். கட்டில் கால். அங்கிருந்து கீழே, கட்டிலடி இருட்டுக்குள். ஒயர் தளர்ந்து கிடக்கவில்லை. விறைப்பாக இருந்தது, அந்தப் பக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல.

அத்தனை டம்ளர்கள். அத்தனை 'ம்ம்ம்'கள்.

சித்தையனின் விரல் அவள் உள்ளங்கையைச் சுரண்டியது. போ. போ. அவருடைய கண்கள் அதைத்தான் சொல்லின. இவரை இங்கே போட்டுவிட்டு எங்கே போவது? ஓடுவதற்குக் காலில் வலுவும் இல்லை. பயப்படுவதற்குக்கூட உடம்பில் ஏதாவது மிச்சம் வேண்டும். கௌதள்ளியில் அவள் வளர்ந்த வீட்டில், தண்ணீர் என்று கேட்ட வாயை யாருடையது என்று விசாரிப்பதில்லை. அந்த ஒரு வழக்கம்தான் இப்போது கைக்கு வந்தது.

முதலில் ஸ்ட்ராவை அவர் வாயில் வைத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பாதி டம்ளரைக் குடிக்க வைத்தாள். மீதியைத் தரையில் வைத்து, கட்டிலடிக்குத் தள்ளினாள்.

"நீயும் குடி, சாமி. ஆனா அவர் பங்கை எடுக்காதே."

மழைச் சத்தம். அப்புறம் உறிஞ்சுகிற சத்தம், நிதானமாக, கடைசிச் சொட்டு வரை. வெறும் டம்ளர் உருண்டு அவள் கால் பெருவிரலில் வந்து முட்டியது.

அவளுக்கு மூச்சு வந்தது. சரி. தாகம்தான். தாகம் தீர்ந்தால் போய்விடும்.

ம்ம்ம்.

ஓர் இடைவெளி.

ம்ம்ம்.

இரண்டு.

அவள் குனிந்தாள். ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம் கட்டிலடியில் கொஞ்ச தூரம் போனது. அங்கே ஒரு முதுகு. நீளமான, ஈரமான முதுகு, சுவரைப் பார்த்து ஒருக்களித்தபடி. ஒயர் அதன் தோளைத் தாண்டி முன்பக்கம் போயிருந்தது.

ம்ம்ம். ம்ம்ம்.

மேலே சித்தையனின் தொண்டையிலிருந்து, இத்தனை மாதத்தில் முதன்முறையாக, ஒரு சத்தம் வந்தது. ஆனால் பகலும் இரவும் ரேடியோவின் இரட்டை 'ம்ம்ம்' கேட்டு எழுந்து பழகிய அவள் கை, அவளைக் கேட்காமலே நீண்டுவிட்டது. சில்லிட்ட தோள் ஒன்று தானே நகர்ந்து வந்து, அவள் உள்ளங்கையில் பொருந்தி, திருப்புவதற்குத் தோதாக மெல்ல உடம்பைத் தளர்த்திக்கொண்டது.