படுக்கைக்கு மேல் பொருத்திய ஸ்பீக்கர்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா. இது நடந்தது நட்டநடு ராத்திரியில் அல்ல. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கொட்டாவி விடுகிற மதிய நேரத்தில்.

அன்று விடாத மழை. வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்துகிற கொட்டகைக்குள் ஒரு லாரி மெல்ல வந்து நின்றது. வெளியே அடித்த புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. டிரைவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். கொட்டகைக்காரனை எல்லோரும் 'கம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி.

"பழசையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, இருக்கிறதுலயே பெருசா மாட்டு தம்பி," என்றார் டிரைவர்.

"பாட்டு உங்களுக்கு மட்டுமாண்ணே, எதிர்ல வர்ற வண்டிக்கும் சேர்த்தா?"

மனைவி சிரித்துவிட்டாள். டிரைவர் சிரிக்கவில்லை.

"பின்னால என்ன சத்தம் வந்தாலும் என் காதுல விழக் கூடாது. பெரிய ஸ்பீக்கரை படுக்கைக்கு மேல, அந்தச் சுவத்துல மாட்டு," என்று சொல்லிவிட்டு, டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

கேபினில் இரண்டு இருக்கைகள். அவற்றுக்குப் பின்னால், ஆள் படுக்கிற மாதிரி ஒரு நீளப் பலகை. அதன் தலைமாட்டுப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். தலைமாட்டில் மட்டும் பின்சுவரில் புதுத் தகடு வைத்து அடைத்திருந்தது. கம்பி அதைத் தடவிப் பார்த்தான்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி தானாகவே சொன்னாள். "என் தம்பி போனது இந்த வண்டியிலதாங்க. நாலு மாசம் ஆச்சு. இவரும் அவனும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. அன்னைக்கு அவன் ஓட்டும்போது கண் அசந்துட்டானாம். நின்ன வண்டி மேல மோதி, பின்னால ஏத்தியிருந்த இரும்புக் குழாயெல்லாம் சுவத்தைக் கிழிச்சுக்கிட்டு உள்ளே வந்துடுச்சு. பக்கத்து சீட்டுல இருந்த இவருக்கு ஒரு கீறல் இல்ல."

"உங்க அம்மா எப்படியிருக்காங்கக்கா?"

"அழவே இல்ல. தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டுனவன், எத்தனை வீட்டுப் பிள்ளைங்களைக் கொன்னிருப்பானோன்னு திட்டிக்கிட்டே இருக்காங்க. படத்தைக்கூட சுவத்துல மாட்ட விடல. அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு சொல்ல எனக்கும் வாய் வரல."

கம்பி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. கிழிந்த இடம் தலைமாடு ஒன்றுதான். அவனுக்கு ஏதோ உறுத்தியது. நமக்கென்ன என்று வேலையைப் பார்த்தான்.

எல்லா வயரையும் இழுத்தாகிவிட்டது. எர்த் வயரை முடுக்கச் சுத்தமான இரும்பு வேண்டும். தேடிய இடமெல்லாம் துரு. புதுத் தகட்டைப் பிடித்திருந்த போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தது.

அதில் முடுக்கினான்.

பாட்டுப் போடுவதற்கு முன்னால் சும்மா கேட்டுப் பார்ப்பது கம்பியின் வழக்கம். பெட்டியை ஓடவிட்டு, பாட்டில்லாமல், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைப்பான். வேலை சுத்தமாக இருந்தால் எதுவும் கேட்கக் கூடாது.

வலது கதவு. ஒன்றுமில்லை.

இடது கதவு. ஒன்றுமில்லை.

படுக்கைக்கு மேல்...

மூச்சு.

இரைச்சல் அல்ல. அசதியில் உறங்குகிறவனின் மூச்சு. ஏறியது, நின்றது, இறங்கியது. கடைசியில் மெல்லிய குறட்டை. வியர்வையும் டீசலும் கலந்த போர்வை வாசனை குப்பென்று வந்தது. பலகையில் போர்வையே இல்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

மூச்சு நிற்கவில்லை.

கீழே குதித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிப் போட்டான். திரும்ப ஏறியபோது அவள் பலகையில் முழங்காலிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தாள்.

"ஒரே பாயில படுத்து வளந்தோம்," என்றாள் கிசுகிசுப்பாக. "இந்தக் குறட்டை எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்து டிரைவர் வந்து கதவில் கை வைத்தார். மூச்சு சட்டென்று அறுந்தது.

"மாமா..."

மூவரும் கேட்டார்கள்.

"உங்களுக்குக் கண்ணு சொக்குது மாமா. என்னை எழுப்பியிருக்கலாம்ல? நான் ஓட்டியிருப்பேனே."

அந்தக் குரலில் துளிக் கோபம் இல்லை. கம்பிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் திரும்பாமலே கேட்டாள். "என்னங்க. அன்னைக்கு ஸ்டீயரிங்ல யாரு?"

டிரைவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான்," என்றார் டிரைவர். "ரெண்டு நாளா அவன் சரியாத் தூங்கல. பாவம், தூங்கட்டும்னு எழுப்பாம விட்டேன்."

"அதுக்கு அவன் மேல ஏன் பழியப் போட்டீங்க?"

"லைசென்ஸைப் பிடுங்கிருவாங்கன்னு... போனவன் வந்து என்ன கேக்கப் போறான்னு நெனச்சேன்."

"கேட்டுட்டான்ல."

அவள் தகட்டின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருந்தாள். பிறகு இறங்கினாள். "வாங்க. அம்மாகிட்ட உங்க வாயாலயே சொல்லணும். அந்த மனுஷி இன்னைக்காவது பிள்ளைக்காக அழட்டும்."

அவர் லாரியை அங்கேயே விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் மழையில் நடந்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, சொல்ல வேண்டியவர் சொல்லியாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று கம்பி தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டான். எர்த் வயரை அவிழ்த்தான். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைப் பூட்டி இறங்கினான். கேபினில் ஒரு ஆள்கூட இல்லை.

கொட்டகை வாசலில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

தலைமாட்டில் உள்ள சின்னக் கண்ணாடியில், உட்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படர்ந்தது.

தெளிந்தது.

நிதானமாக, மறுபடியும் படர்ந்தது.